படித்துச் சொல்லும் குரல்: கல்கியின் இதழியலும் புனைகதை மொழியும்

ஆய்வுச்சுருக்கம்

கல்கி ரா. கிருஷ்ணமூர்த்தி (1899–1954) நாவலாசிரியராகவும் இதழாசிரியராகவும் ஒருங்கே இயங்கியவர். அவரை மதிப்பிட்ட திறனாய்வுகளுள் பல, நாவலாசிரியரைத் தனியே பிரித்தெடுத்து மதிப்பிட்டன. இதழாசிரியரை வாழ்க்கை வரலாற்றுக்கு விட்டுவிட்டன. இப்பிரிவினை கல்கியின் புனைகதை மொழியை விளங்கிக்கொள்ளத் தடையாக உள்ளது என்பது இக்கட்டுரையின் கருத்து. மதுவிலக்குப் பரப்புரைக்கென வெளிவந்த ‘விமோசனம்’ இதழின் பணியையும், அவ்விதழ் எழுந்த அன்றைய சேலம் மாவட்டச் சூழலையும், குறிப்பாக அதன் வட எல்லையான ஓசூர், கிருஷ்ணகிரி வட்டாரத்தையும் கருத்தில் கொண்டு, கல்கியின் கதைசொல்லி ‘படித்துச் சொல்லும் குரல்’ ஆக உருவானதை இக்கட்டுரை ஆராய்கிறது. அக்குரலின் ஆற்றலோடு அதன் வரம்பும் சுட்டப்படுகிறது.

திறவுச்சொற்கள்: கல்கி, விமோசனம், இதழியல், தொடர்கதை, கதைசொல்லி, மதுவிலக்கு, ஓசூர் வட்டாரம்

1. முன்னுரை

தமிழ்த் துறைகளில் கல்கிக்கு வழங்கப்படும் இடம் விந்தையானது. அவரைப் படிக்காத ஆசிரியரும் இல்லை, மாணவரும் இல்லை. ஆயினும் நவீன இலக்கியம் பற்றிய உரையாடல் தொடங்கியதும் அவர் ‘வெகுசன எழுத்து’ என்னும் தலைப்பின்கீழ் ஒதுக்கப்படுகிறார். புதுமைப்பித்தன் முதல் க. நா. சுப்ரமண்யம் வரை கல்கியை மறுத்தோர் முன்வைத்த வாதங்களுள் மூன்று இன்றும் வலுவுடன் நிற்கின்றன: அவருடைய நாவல்கள் வார இதழின் தேவைக்காக நீட்டப்பட்டவை; கதைசொல்லி ஓயாமல் குறுக்கிட்டு விளக்குகிறார்; வாசகரைச் சிந்திக்க விடாமல் மகிழ்விப்பதே நோக்கமாக உள்ளது.

இம்மூன்று குற்றச்சாட்டுகளும் கல்கி இதழாசிரியராக இருந்தமையைக் குறையின் காரணமாகக் கொள்கின்றன. தொடர்கதை வடிவம் நாவலின் தரத்தைக் கெடுத்தது என்பது அவற்றின் உள்ளுறை. ஆனால் தமிழ் நாவலின் தொடக்க வரலாறு இதற்கு முழுதும் இடம் தருவதாக இல்லை. பி. ஆர். ராஜமய்யரின் ‘கமலாம்பாள் சரித்திரம்’ 1893 முதல் ‘விவேக சிந்தாமணி’ இதழில் தொடராக வெளிவந்த பின்னரே நூலாயிற்று. அ. மாதவையாவும் தம் இறுதிக் காலத்தில் ‘பஞ்சாமிர்தம்’ இதழை நடத்தினார். பிறமொழிகளிலும் இந்நிலையே உள்ளது. நாடாளுமன்றச் செய்தியாளராக இருந்த சார்லஸ் டிக்கன்ஸின் ‘பிக்விக் பேப்பர்ஸ்’ 1836–37இல் மாதப் பகுதிகளாக வெளிவந்தது; அலெக்சாந்தர் துமாவின் ‘மூன்று மஸ்கட்டியர்கள்’ 1844இல் பாரிஸ் நாளிதழ் ஒன்றில் தொடராக வந்தது. எனவே இதழில் வந்தமை ஒரு படைப்பின் தரத்தைத் தீர்மானிக்கும் அளவுகோல் ஆகாது. எந்த இதழ், யாருக்காக, எந்த நோக்கத்தோடு நடத்தப்பட்டது என்பதே கேட்கத்தக்க வினா. அவ்வினாவைக் கல்கியின் எழுத்தில் எழுப்புவதே இங்கு மேற்கொள்ளப்படும் முயற்சி.

2. இதழ்வழி அமைந்த வாழ்வு

கல்கி 1899 செப்டம்பர் 9இல் அன்றைய தஞ்சை மாவட்டத்தில் மாயூரத்திற்கு அருகிலுள்ள புத்தமங்கலத்தில் பிறந்தார். ஒத்துழையாமை இயக்கத்தின் அழைப்பை ஏற்று 1921இல் பள்ளிப் படிப்பைத் துறந்தார். அடுத்த ஆண்டு சிறை சென்றார். 1923இல் திரு. வி. க. ஆசிரியராக இருந்த ‘நவசக்தி’யில் துணையாசிரியராகச் சேர்ந்ததிலிருந்து 1954 டிசம்பர் 5இல் மறையும்வரை, சிறைக்காலம் நீங்கலாக, அவருடைய வாழ்வு ஏதேனும் ஓர் இதழைச் சுற்றியே அமைந்தது. ‘நவசக்தி’, ‘விமோசனம்’, ‘ஆனந்த விகடன்’, ‘கல்கி’ என்னும் நான்கு இதழ்களும் அவ்வாழ்வின் நான்கு பருவங்கள்.

‘நவசக்தி’ அவருக்கு உரைநடைப் பயிற்சிக்களம். திரு. வி. க.வின் செறிந்த தனித்தமிழ் நடைக்கு அருகிலிருந்தும் அதைப் பின்பற்றாமல் நேரான எளிய நடையைக் கல்கி தேர்ந்துகொண்டது கவனிக்கத்தக்கது. காந்தியின் தன்வரலாற்றைத் தமிழாக்கிய அனுபவம் இதற்குத் துணைநின்றிருக்க வேண்டும். அலங்காரம் துறந்த ஒரு மூலத்தைத் தமிழாக்குபவர் தம் நடையிலும் அலங்காரத்தைத் துறக்க நேர்கிறது.

எஸ். எஸ். வாசனின் ‘ஆனந்த விகட’னில் 1928இல் வெளிவந்த ‘ஏட்டிக்குப் போட்டி’ என்னும் நகைச்சுவைக் கட்டுரை அவரைப் பரந்த வாசகர் கூட்டத்திடம் கொண்டுசென்றது. 1931 முதல் 1941 வரை அவ்விதழின் ஆசிரியராக இருந்த காலத்தில் தலையங்கம், பயணக் கட்டுரை, ‘கர்நாடகம்’ என்ற புனைபெயரில் இசை விமரிசனம், சிறுகதை, தொடர்கதை எனப் பல வடிவங்களைக் கையாண்டார். ‘கள்வனின் காதலி’ இவ்விதழில் 1937இல் வெளிவந்தது. அதையடுத்து வந்த ‘தியாக பூமி’, கே. சுப்ரமண்யம் இயக்கிய திரைப்படத்தின் ஒளிப்படங்களோடு தொடராக வெளியிடப்பட்டது. பின்னர் அப்படத்தை ஆங்கில அரசு தடை செய்ததும் பலரும் அறிந்ததே.

தனிநபர் சத்தியாக்கிரகத்தில் ஈடுபட்டுச் சிறை சென்றதையொட்டி 1941இல் விகடனை விட்டு விலகிய கல்கி, விடுதலைக்குப்பின் டி. சதாசிவத்துடன் இணைந்து அவ்வாண்டு ஆகஸ்ட் 1இல் ‘கல்கி’ வார இதழைத் தொடங்கினார். எம். எஸ். சுப்புலட்சுமி ‘சாவித்திரி’ திரைப்படத்தில் நாரதராக நடித்துப் பெற்ற ஊதியம் அதற்கு முதலாயிற்று. ‘பார்த்திபன் கனவு’, ‘சிவகாமியின் சபதம்’, ‘அலை ஓசை’, ‘பொன்னியின் செல்வன்’ ஆகிய நாவல்கள் தோன்றியது இந்த இதழில்தான். முழுக்கத் தம் பொறுப்பில் ஓர் இதழ் அமைந்த பின்னரே அவர் வரலாற்று நாவலுக்குச் சென்றார் என்பது தற்செயலாகத் தோன்றவில்லை. ஏறத்தாழ 300 அத்தியாயங்களை மூன்றரை ஆண்டுக் காலம் நடத்திச்செல்லும் துணிவு, வாசகரோடு அத்தகைய உறவு கொண்ட ஆசிரியருக்கே வாய்க்கும்.

இந்நான்கனுள் ஆய்வாளர் மிகக் குறைவாகப் பேசியது ‘விமோசனம்’. அது நெடுநாள் நடக்கவில்லை என்பதும் அதில் பெரும் நாவல் எதுவும் தோன்றவில்லை என்பதும் இதற்குக் காரணமாகலாம். எனினும் கல்கியின் குரல் எங்கே பயின்றது என்று தேடுவோர்க்கு அச்சிறு இதழே முதன்மையானது.

3. ‘விமோசன’மும் சேலம் மாவட்டத்தின் வட எல்லையும்

1925இல் திருச்செங்கோட்டை அடுத்த புதுப்பாளையத்தில் ராஜாஜி காந்தி ஆசிரமத்தை நிறுவினார். கதரும் தீண்டாமை ஒழிப்பும் மதுவிலக்கும் அதன் பணிகள். மதுவிலக்குக் கருத்தைப் பரப்புவதற்காக 1929இல் ‘விமோசனம்’ தொடங்கப்பட்டபோது, ராஜாஜிக்குத் துணையாக அதன் ஆசிரியப் பணியைக் கவனித்தவர் ‘நவசக்தி’யை விட்டு வந்திருந்த கல்கி. 1930இல் உப்புச் சத்தியாக்கிரகம் தொடங்கியதும் இருவரும் சிறை சென்றனர்.

அன்றைய சேலம் மாவட்டத்தின் பரப்பை நினைவில் கொண்டால் இவ்விதழின் பணி இன்னும் தெளிவாகும். இன்றைய நாமக்கல், தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்கள் அனைத்தும் அதனுள் அடங்கியிருந்தன. தருமபுரி 1965இலும் அதிலிருந்து கிருஷ்ணகிரி 2004இலும் தனி மாவட்டங்களாயின. ராஜாஜி பிறந்த தொரப்பள்ளி (1878) ஓசூரை அடுத்த சிற்றூர். காவிரிப் படுகையில் பிறந்த கல்கியை, வானம் பார்த்த புன்செய் நிலத்துக் குடியானவனின் வாழ்வை எழுதும்படி அழைத்தவர் இந்த எல்லைப் பகுதியின் மைந்தர். அவ்வகையில் ஓசூர், கிருஷ்ணகிரி வட்டாரம் கல்கியின் இலக்கிய வரலாற்றில் ஒரு மறைமுக இடத்தைப் பெறுகிறது.

இங்கு ஒரு முரண் எழுகிறது. மதுவிலக்கு இதழ் எவருக்காக நடத்தப்பட்டதோ அவர்களுள் மிகப்பலர் எழுத்தறியாதவர். 1931 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்போது இந்தியாவின் எழுத்தறிவு 10 விழுக்காட்டைக்கூட எட்டவில்லை. ஓசூர் வட்டாரத்தில் வேறொரு சிக்கலும் உண்டு. தமிழோடு தெலுங்கும் கன்னடமும் வீட்டுமொழிகளாக வழங்கும் பகுதி அது. தமிழில் அச்சான இதழ் அங்குள்ள குடியானவனைச் சென்றடைய வேண்டுமாயின், எழுத்தறிந்த ஒருவர் திண்ணையிலோ மரத்தடியிலோ அமர்ந்து அதைப் படித்துச் சொல்ல வேண்டும். சில இடங்களில் விளக்கியும் பெயர்த்தும் சொல்ல வேண்டும். ஆகவே இத்தகைய இதழுக்கு எழுதுபவர் இருவரை மனத்தில் கொண்டாக வேண்டும். ஒருவர் தாளைக் கையில் வைத்திருப்பவர்; மற்றவர் அவரைச் சுற்றி அமர்ந்து கேட்பவர். வாக்கியம் நீண்டால் படிப்பவருக்கு மூச்சு முட்டும். பெயர்கள் மயங்கினால் கேட்பவர் கதையை இழப்பார். கருத்து மட்டும் இருந்தால் எழுந்து போய்விடுவார். சிறு வாக்கியம், உரையாடல், நகைச்சுவை, அவ்வப்போது நினைவூட்டல், நேரான விளி ஆகியவை இச்சூழலின் கட்டாயங்கள். பின்னாளில் ‘கல்கி நடை’ என்று பெயர் பெற்ற பண்புகளும் இவையே.

‘விமோசனம்’ விதைத்த கருத்து 1937இல் சட்டமாயிற்று. சென்னை மாகாணத்தின் பிரதமராகப் பொறுப்பேற்ற ராஜாஜி, அவ்வாண்டு அக்டோபர் 1 முதல் மதுவிலக்கை நடைமுறைப்படுத்தத் தேர்ந்த முதல் மாவட்டம் சேலமே. ஓசூருக்கு அப்பால் மைசூர் சமஸ்தானம். அங்கு இச்சட்டம் செல்லாது. சட்டத்திற்கு எல்லைக்கோடு உண்டு, பழக்கத்திற்கு இல்லை. ஆகவே இப்பகுதியில் மதுவிலக்கு சட்டத்தைவிட மனமாற்றத்தையே மிகுதியும் நம்ப வேண்டியிருந்தது எனலாம். மனமாற்றத்திற்கு ராஜாஜியும் கல்கியும் நம்பிய கருவி கதை. ராஜாஜியின் ‘திக்கற்ற பார்வதி’ கணவனின் குடியாலும் கடனாலும் சிதையும் ஒரு குடும்பத்தைச் சொல்கிறது. சிங்கீதம் சீனிவாசராவ் அதை 1974இல் திரைப்படமாக்கியபோது தொரப்பள்ளியிலேயே படம்பிடித்தார். அப்படம் சிறந்த தமிழ்ப் படத்திற்கான தேசிய விருதைப் பெற்றது. 1971இல் தமிழகத்தில் மதுவிலக்குத் தளர்த்தப்பட்டு 1974இல் மீண்டும் கொண்டுவரப்பட்ட காலத்தில், அக்கதை தன்னை எழுதியவரின் ஊருக்கே திரும்பி வந்தது.

4. கதைசொல்லியின் குரல்

கல்கியின் கதைசொல்லி தன்னை மறைத்துக்கொள்வதில்லை. ‘பொன்னியின் செல்வ’னின் தொடக்கமே இதற்குச் சான்று. கதைசொல்லி வாசகரைக் கற்பனைப் படகில் ஏற்றிக்கொண்டு ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகள் பின்னோக்கி அழைத்துச் செல்கிறார். பின்னரே வீரநாராயண ஏரிக்கரையும் ஆடிப்பெருக்கும் வந்தியத்தேவனின் குதிரையும் காட்சிக்கு வருகின்றன. நவீனத்துவ அளவுகோல்படி இது தேவையற்ற வாயில். படித்துச் சொல்பவரின் நிலையிலிருந்து நோக்கினால் இது இன்றியமையாத செயல்: கூடியிருப்போரின் அன்றாடக் கவலைகளை ஒதுக்கச் செய்து அவர்களை ஒரே இடத்தில் அமர்த்துவது.

இக்குரலின் இயல்புகளை மூன்றாக வகைப்படுத்தலாம். முதலாவது, மீள்நினைவூட்டல். முன் அத்தியாயங்களில் நிகழ்ந்ததைக் கதைசொல்லியோ கதைமாந்தரோ மீண்டும் சுருக்கிச் சொல்வர். நூலாகத் தொடர்ந்து படிப்பவருக்கு இது சலிப்பூட்டும். ஒரு வாரம் கழித்துக் கேட்பவருக்கு இதுவே கைப்பிடி. இரண்டாவது, செய்தியை உரையாடலாக மாற்றுதல். சோழநாட்டு அரசியல் நிலை முழுவதையும் ஆழ்வார்க்கடியானின் வம்புப் பேச்சிலும் ஓடக்காரரின் வாய்மொழியிலும் கல்கி வைத்துவிடுகிறார். செய்தி யாரிடமிருந்து யாருக்கு எப்படிக் கசிகிறது என்பதை அறிந்த இதழாளரின் கை இது. மூன்றாவது, வரலாற்றுச் சான்றைக் கதைக்குள்ளேயே எடுத்துரைத்தல். கல்வெட்டும் செப்பேடும் என்ன கூறுகின்றன என்பதைச் சொல்லக் கதையை நிறுத்தக் கல்கி தயங்குவதில்லை.

இம்மூன்றும் நூல்வடிவத்தில் குறைகளாகத் தெரிவதற்குக் காரணம் உண்டு. நாம் இன்று கையில் வைத்திருக்கும் பதிப்புகள் தொடரின் வாரப் பிரிவுகளைக் காட்டுவதில்லை. மணியம் வரைந்த ஓவியங்கள் எந்த இடத்தில் எந்த அளவில் நின்றன, அதே இதழில் தலையங்கம் எதைப் பேசியது, அவ்வார வாசகர் கடிதங்கள் எவை என்பன நூலில் இல்லை. ‘பொன்னியின் செல்வ’னின் இறுதியில் கதைமாந்தர் பிற்காலத்தில் என்னவாயினர் என்று கேட்ட வாசகர்க்கு ஆசிரியர் விடையளிக்கும் முடிவுரை ஒன்று உண்டு. நூலில் அது ஓர் ஒட்டுப்போலத் தோன்றும். இதழில் அது மூன்றரை ஆண்டு உரையாடலின் இயல்பான நிறைவு. இதழிலிருந்து பெயர்த்தெடுத்த நாவலை, இதழின் இயல்பு கொண்டிருக்கிறது என்று குறைகூறுவது முறையான திறனாய்வாகாது.

இக்குரல் வரலாற்று நாவலுக்கு மட்டும் உரியதன்று. ‘அலை ஓசை’ 1948–49இல் வெளிவந்தது. 1930கள் முதல் காந்தியின் மறைவு வரையிலான காலத்தைத் தன் களமாகக் கொண்டது. முந்தைய ஆண்டு செய்தித்தாளில் படித்த நாட்டுப் பிரிவினை வன்முறை, அடுத்த ஆண்டு சீதா என்னும் பெண்ணின் வாழ்வாக வாசகரிடம் வந்தது. அந்நாவலின் முதல் அத்தியாயம் ஒரு சிற்றூர்த் தபால் நிலையத்தில் தொடங்குவது பொருள் பொதிந்தது. உலகச் செய்தி ஓர் ஊருக்குள் நுழையும் வாயில் அது. கல்கி தம் எழுத்துகளுள் நிலைத்து நிற்கும் தகுதி இந்நாவலுக்கே உண்டு என்று கருதினார். அவர் மறைந்தபின் 1956இல் சாகித்திய அகாதெமி விருதும் இதற்கே கிடைத்தது. சோழர் காலத்தைச் சொன்ன நாவல் மக்களிடம் நிலைத்தது. தம் காலத்தைச் சொன்ன நாவலை அவர் நெஞ்சில் வைத்திருந்தார். அவருள் இருந்த இதழாளரின் தேர்வாகவே இதைக் கொள்ள வேண்டும்.

5. சான்றின் எல்லையில் குரல் அடங்குதல்

எல்லாவற்றையும் விளக்கும் கதைசொல்லி ஓரிடத்தில் விளக்க மறுக்கிறார். ஆதித்த கரிகாலன் கொலையே அவ்விடம். காட்டுமன்னார்கோயிலை ஒட்டிய உடையார்குடிக் கல்வெட்டு, பாண்டியன் தலைகொண்ட கரிகாலச் சோழனைக் கொன்ற துரோகிகளாக ரவிதாசன் முதலானோரைக் குறிப்பிட்டு, அவர்தம் உறவினர் உடைமைகள் பறிமுதல் செய்யப்பட்டதைப் பதிவு செய்கிறது. கொலையின் பின்னணியில் இருந்தோர் யார் என்பதில் வரலாற்றறிஞர் ஒன்றுபடவில்லை. கே. ஏ. நீலகண்ட சாஸ்திரி உத்தம சோழர்மீது ஐயம் கொண்டார், தி. வை. சதாசிவ பண்டாரத்தார் அதை மறுத்தார்.

நாவலாசிரியர் என்ற உரிமையில் கல்கி இப்புதிரை எளிதில் அவிழ்த்திருக்கலாம். வாசகர் எதிர்பார்த்ததும் அதுவே. அவரோ கடம்பூர் மாளிகையின் அந்த அறையில் விளக்கை அணைத்துவிடுகிறார். பெரிய பழுவேட்டரையர் பழியைத் தம்மேல் ஏற்கிறார். மணிமேகலை தானே கொன்றதாகச் சொல்கிறாள். வந்தியத்தேவன் ஐயத்திற்கு ஆளாகிச் சிறைப்படுகிறான். சதிகாரர் இருளில் நிற்கின்றனர். வாக்குமூலங்கள் பெருகப் பெருக உண்மை விலகிச் செல்கிறது. கதைசொல்லி எவரையும் திட்டவட்டமாகக் குற்றவாளியாக்கவில்லை.

இது சுவைக்காகச் செய்த மறைப்பு என்று கொள்வது போதாது. சான்று நின்ற இடத்தில் தீர்ப்பு நிற்க வேண்டும் என்னும் இதழறம் இங்குப் புனைவறமாக மாறியிருக்கிறது. முப்பது ஆண்டுகள் செய்தியோடு வாழ்ந்த ஒருவர், உறுதிப்படாத கொலைப்பழியை ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் இறந்தவர்மீதும் சுமத்த மறுத்தார். வாசகரைச் சிந்திக்க விடாத எழுத்து என்னும் குற்றச்சாட்டுக்கு இப்பகுதியே தக்க மறுமொழி. மிகப் பெரிய வாசகர் கூட்டத்தின் முன், மிக முக்கியமான வினாவுக்கு விடை தராமல் நிற்பது எளிய செயலன்று.

6. குரலின் வரம்பு

இதனால் கல்கியின் மறுப்பாளர் கூறியவை அனைத்தும் பொருளற்றவை என்றாகாது. படித்துச் சொல்லும் குரலுக்கு உள்ளார்ந்த ஒரு வரம்பு உண்டு. அது எப்போதும் அறிந்தவரிடமிருந்து அறியாதவரிடம் செல்கிறது. ‘விமோசன’த்தின் நோக்கமே குடிப்பவனிடம் பேசுவது, குடிப்பவன் பேசுவதைக் கேட்பது அன்று. ஏன் குடிக்கிறான், எத்தகைய உழைப்பு அவனை அங்குத் தள்ளுகிறது, கடன் கொடுத்தவனுக்கும் கள்ளுக்கடைக்கும் என்ன தொடர்பு என்னும் வினாக்களை இரக்கத்தோடு தொட்டாலும், விடை முன்பே ஆயத்தமாக இருந்தது.

இவ்வேறுபாட்டைக் காணப் புதுமைப்பித்தனின் ‘பொன்னகரம்’ சிறந்த ஒப்பீடு. அங்கும் குடித்துவிட்டு வண்டியோட்டி அடிபட்ட கணவன். அங்கும் வறுமையில் தன்னையே விற்க நேரும் மனைவி. அவள் ஆலைத் தொழிலாளி. ‘திக்கற்ற பார்வதி’யின் கருவுக்கு அருகில் நிற்கும் கதைதான். ஆனால் புதுமைப்பித்தன் பரிந்துரைப்பதில்லை; கற்பு பேசும் வாசகரையே கூண்டில் ஏற்றிவிட்டு விலகுகிறார். ராஜாஜி, கல்கி மரபில் வாசகர் இரங்குபவராக எஞ்சுகிறார்; புதுமைப்பித்தனிடம் அவரே குற்றம் சாட்டப்படுபவராகிறார். புதுமைப்பித்தனுக்கும் கல்கிக்கும் இடையே நிகழ்ந்த கடும் பூசலைத் தழுவல் பற்றிய சண்டையாக மட்டும் காண்பது குறுகிய பார்வை. வாசகரை எங்கே நிறுத்துவது என்பதே அதன் அடியில் கிடந்த வினா.

‘தியாக பூமி’யிலும் இவ்வரம்பு புலப்படும். புயல் வெள்ளத்தில் தவித்த ஒடுக்கப்பட்டோர்க்குத் தம் இல்லத்தில் இடமளித்ததால் சம்பு சாஸ்திரி அக்கிரகாரத்தால் ஒதுக்கப்படுகிறார். அக்காலத்தில் பேரிதழ் ஒன்றில் இதை எழுதத் துணிவு வேண்டும். எனினும் கதையின் பாரம் இடமளித்தவர்மீது விழுகிறது. இடம் பெற்றவர் வாழ்வு பின்னணியாகவே நின்றுவிடுகிறது. அநியாயமாகக் குற்றம் சாட்டப்பட்டுக் கள்வனாகும் ‘கள்வனின் காதலி’ முத்தையன் இதற்கு ஓரளவு விலக்கு. அவன் பக்கம் நின்று ஊரையும் காவலையும் காணக் கல்கியால் முடிந்தது. அவ்வழியில் அவர் மேலும் சென்றிருந்தால் தமிழ் நாவலின் வரலாறு வேறாக இருந்திருக்கக்கூடும். அரசியலில் ராஜாஜியிடம் அவர் கொண்ட மாறாத பற்றும் இவ்வரம்பைக் கடக்க உதவவில்லை.

7. முடிவுரை

மேற்கண்டவற்றால் பெறப்படும் கருத்துகள் மூன்று. கல்கியின் நடை அச்சுக்கும் செவிக்கும் இடைப்பட்ட ஒரு தேவையிலிருந்து பிறந்தது. எழுத்தறியாத குடியானவரை நோக்கி நடந்த ‘விமோசனம்’ அத்தேவையை அவருக்கு உணர்த்திய களம். அவருடைய நாவல்களில் குறைகளாகச் சுட்டப்படும் நினைவூட்டல், விளி, விளக்கம் ஆகியவை அவ்வடிவத்தின் உறுப்புகள். அக்குரலின் மெய்யான குறை அதன் நீளத்திலோ எளிமையிலோ இல்லை. கேட்பவரைப் பேசவிடாத ஒருவழித் தன்மையில் உள்ளது. கல்கியை ஏற்பதோ மறுப்பதோ இந்த இடத்தில் நின்று செய்யப்பட வேண்டும்.

இதனோடு ஒரு பணியும் எஞ்சுகிறது. 1999இல் கல்கியின் எழுத்துகள் நாட்டுடைமையாயின. அதன்பின் எண்ணற்ற பதிப்புகள் வந்துவிட்டன. ஆயினும் இதழில் வந்த வாரப் பிரிவுகளையும் ஓவியங்களையும் அதே இதழின் தலையங்கங்களையும் உடன் காட்டும் ஆய்வுப் பதிப்பே இன்றைய தேவை. ‘கல்கி’ அச்சிதழாக வெளிவருவது 2020இல் நின்றுவிட்ட நிலையில் இத்தேவை மேலும் அவசரமாகிறது. ‘விமோசனம்’ இதழ்களைத் திரட்டி வெளியிடுவது சேலம், தருமபுரி, கிருஷ்ணகிரி வட்டாரக் கல்லூரித் தமிழ்த் துறைகளுக்கே உரிய கடமை.

தொரப்பள்ளியைச் சுற்றியிருந்த புன்செய் நிலத்தின் ஒரு பகுதி இன்று ஆலைகளாக மாறிவிட்டது. 1970களில் சிப்காட் வந்தபின் ஓசூருக்கு வந்து குடியேறியோர் பல மாநிலத்தவர், பல மொழியினர். எல்லையின் இருபுறமும் மது தடையின்றிக் கிடைக்கிறது. ‘விமோசன’த்தின் சிக்கல் தீரவில்லை. பணிமாற்ற நேரத்தில் ஆலைப் பேருந்தில் அமர்ந்து செவிக்கருவியில் ‘பொன்னியின் செல்வன்’ கேட்டுச் செல்லும் தொழிலாளியிடம், படித்துச் சொல்லும் அக்குரல் மீண்டும் தன் பழைய இடத்தை அடைந்திருக்கிறது. முதல் தலைமுறையாகக் கல்லூரிக்கு வரும் அவர்தம் பிள்ளைகள், கல்கியின் வழியே தமிழ் உரைநடைக்குள் நுழைகின்றனர். நுழைந்த வாயிலை இழிவாகக் கருதும்படி அவர்களுக்குக் கற்பிப்பதைவிட, அவ்வாயில் எவ்வாறு கட்டப்பட்டது, எவரை உள்ளே விட்டது, எவரைத் திண்ணையிலேயே அமர்த்திவிட்டது என்று ஆராயக் கற்பிப்பதே திறனாய்வின் பணியாகும்.